தலைவலிக்குக் குளிர்ச்சி ஒத்தடம்

சித்திரை, வைகாசி மாதங்களில் நம் கம்மாபுரம் வட்டாரத்தில் தலைவலி என்ற சொல் அடிக்கடி காதில் விழும். முந்திரிக் கொல்லையில் கொட்டை பொறுக்குவோருக்கும், விருத்தாசலத்தில் பீங்கான் சூளையருகே உழைப்போருக்கும் வெயிலும் வெக்கையும் சேர்ந்து தலையைப் பிளக்கின்றன. உடனே பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மீண்டும் வேலைக்குத் திரும்புகிறோம். இதில் ஓர் இடர் உண்டு. சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மாதங்கள் தொடர்ந்து உட்கொண்டால், அம்மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். ஆகவே காசு செலவின்றி நம் வீட்டிலேயே செய்யத்தக்க குளிர்ச்சி ஒத்தடத்தைப் பற்றி அறிந்துகொள்வது நலம்.

குளிர்ச்சி வலியை எவ்வாறு தணிக்கிறது? தோலில் குளிர்ச்சி பட்டதும் அவ்விடத்து இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, வீக்கம் குறைகிறது. வலியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்புகளின் வேகமும் மட்டுப்படுகிறது. நெற்றி, கன்னம், தாடை ஆகிய மூன்றிடத்து உணர்ச்சியையும் ஒரே நரம்பின் மூன்று கிளைகள் கொண்டுசெல்வதால், தலைவலியும் முகவலியும் பல சமயங்களில் உறவாடுகின்றன.

இம்முறை புதிதன்று. 1849ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் ஆர்னாட் என்னும் ஆங்கில மருத்துவர், பனிக்கட்டியையும் உப்பையும் கலந்து தலைவலிக்குப் பயன்படுத்தியதை எழுதினார். ஆனால் அக்கலவை மிகக் கடுமையாகக் குளிர்ந்து தோலைப் புண்ணாக்கக் கூடியது. வீட்டில் அதனை முயலலாகாது. 2013இல் ஹவாயிலிருந்து வெளியான ஆய்வொன்றில், ஒற்றைத் தலைவலி கண்டவர்கள் கழுத்தில் குளிர்ந்த பட்டையை அணிந்தபோது, 30 நிமிடத்தில் வலி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தணிந்தது. நோய் நீங்கிவிட்டது என்று இதற்குப் பொருளன்று. வலி குறைந்தது என்பதே பொருள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது? மண்பானை இருக்கிறது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. மெருகு பூசிய பீங்கான் பாத்திரத்தில் துளைகள் அடைபட்டிருப்பதால் இவ்வாறு குளிர்வதில்லை. பானையை நிழலிலும் காற்றோட்டத்திலும் வைத்தல் வேண்டும்.

செய்முறை எளிது. முதலில் நிழலில் அமர்ந்து போதிய தண்ணீர் பருகவேண்டும். வெயில் தலைவலிக்கு நீர் வறட்சியும் ஒரு காரணம். பின்னர் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை நெற்றியிலும் பிடரியிலும் இடுக. துணி வெதுவெதுப்பானதும் மீண்டும் நனைக்கவேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் தடித்த துண்டில் சுற்றியே வைக்கவேண்டும். நேராகத் தோலில் வைக்கலாகாது. 15 நிமிடம் போதும்; 20 நிமிடத்தைத் தாண்டவேண்டா. மறுமுறை இட ஒரு மணி நேரமாவது கழியட்டும். பல்வலியால் கன்னம் வீங்கியிருப்பின் கன்னத்தின் மேல் இவ்வாறே ஒத்தடமிடலாம். ஆனால் சொத்தையைக் குளிர்ச்சி ஆற்றாது. பல் மருத்துவரைக் காண்பது அவசியம்.

எல்லா முகவலிக்கும் குளிர்ச்சி பொருந்தாது. சளியடைத்து நெற்றியும் கன்னமும் கனக்கும்போது வெந்நீர் ஒத்தடமே பலருக்கு இதமளிக்கும். முகம் கழுவும்போதோ குளிர்காற்று படும்போதோ மின்சாரம் தாக்கியதுபோல் கன்னத்தில் சுரீரென வலிப்போருக்குக் குளிர்ச்சி வலியைத் தூண்டிவிடும். நீரிழிவால் உணர்ச்சி குன்றியவர்களும், குளிர் பட்டால் விரல்கள் வெளுத்துப் போகிறவர்களும் மருத்துவரைக் கேட்டே செய்யவேண்டும்.

இனி, ஒத்தடமிட்டுக் காத்திருக்கலாகாத தலைவலிகளையும் அறிவோம். இதுவரை காணாத கடும் வலி திடீரெனத் தாக்குதல், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், வாய் கோணுதல், கைகால் தளர்தல், பேச்சுக் குழறுதல், வலிப்பு, தலையில் அடிபட்ட பின் வாந்தி, கர்ப்பிணிக்குக் கடும் தலைவலியுடன் பார்வை மங்குதல் ஆகிய இவற்றில் ஒன்று தோன்றினும் உடனே 108 ஊர்தியை அழைக்கவேண்டும். வெயிலில் உழைத்தவர் உடல் கொதித்து நினைவு தடுமாறினால், ஊர்தி வரும்வரை நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீர் தெளித்து விசிறிக்கொண்டிருக்கவேண்டும். மயங்கியவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கினாலும், வாரந்தோறும் அது திரும்பத் திரும்ப வந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி இரத்த அழுத்தத்தையும் கண்பார்வையையும் சோதித்துக்கொள்ளல் நன்று. மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு இம்முறையையும் இவ்வெச்சரிக்கைகளையும் செய்துகாட்டச் சொன்னால், ஒரு பானைத் தண்ணீரின் பயன் ஊர் முழுவதற்கும் எட்டும்.