பதினைந்து நிமிடக் காட்சி. பல நாள் பாடு!

சீனப் பெருஞ்சுவரின்மீது நாகரிக உடை அணிந்த நங்கையர் அணிவகுத்து நடந்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? நடந்தது உண்மைதான்! 2007-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி, 'ஃபெண்டி' என்னும் இத்தாலிய உடை நிறுவனம் இந்த விந்தையை நிகழ்த்திக் காட்டியது. நடந்தவர்கள் 88 பேர். எட்டு என்ற எண் சீனர்களுக்கு மிகவும் ராசியானது அல்லவா?

வந்திருந்த விருந்தினர் உடைகளைப் பார்த்தார்கள். அவற்றை அணிந்துவந்த அழகிகளைப் பார்த்தார்கள். மலைமீது வளைந்து செல்லும் அந்தச் சுவரில் நடைமேடை அமைத்து, விளக்கேற்றி, ஒலிபெருக்கி வைத்தவர்களை யாரும் பார்க்கவில்லை. தச்சர், மின்சாரத் தொழிலாளி, சாரம் கட்டுபவர், தையற்காரி என்று ஒரு பட்டாளமே திரைமறைவில் பாடுபட்டால்தான் இப்படிப்பட்ட காட்சி அரங்கேறும். காட்சி நடப்பதோ பத்து அல்லது பதினைந்து நிமிடம்!

ஆணி அடிக்கக் கூடாது!

நம் ஊரில் கல்யாணப் பந்தல் போடுவதென்றால் குழி தோண்டிக் கால் நடுகிறோம். பழம்பெரும் சின்னங்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தரையைத் தோண்டக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அப்படியானால் காற்றடித்தால் சாரம் சாயாமல் நிற்பது எப்படி? தண்ணீர் நிரப்பிய தொட்டிகளையும் கனத்த கான்கிரீட் கட்டிகளையும் சாரத்தின் அடியில் பாரமாக ஏற்றுவார்கள். கல்தரையில் கீறல் விழாதிருக்க, ஒவ்வொரு காலுக்கும் கீழே பலகையோ ரப்பர் விரிப்போ வைப்பார்கள். மின்சார எந்திரம் தொலைவில் நிற்கும். அங்கிருந்து கம்பிகளை இழுத்து வந்து, விருந்தினர் கால் தடுக்காதபடி மூடி வைக்கவேண்டும்.

ரோம் நகரின் டிரெவி நீரூற்று 1762-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதைப் பழுதுபார்க்க அதே ஃபெண்டி நிறுவனம் 20 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்தது. வேலை முடிந்து 2015 நவம்பரில் நீரூற்று மறுபடியும் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில், அந்தத் தடாகத்தின் மேலேயே கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நடைமேடை அமைத்து நிறுவனம் தன் 90-வது ஆண்டு விழாவைக் கொண்டாடியது. அழகிகள் தண்ணீரின்மீது நடப்பது போலவே தோன்றியது! கொண்டாட்டம் நிறுவனத்துக்கு, கவலை தொழிலாளிக்கு. புதுப்பித்த கல்லில் ஒரு சிறு சில்லு தெறித்தாலும் பழி யார்மீது விழும் என்று சொல்லவேண்டுமா?

அளவு தவறினால்...

1973 நவம்பர் 28-ந் தேதி பிரான்ஸ் நாட்டின் வெர்சேல்ஸ் அரண்மனை நாடக அரங்கில் ஒரு போட்டியே நடந்தது. ஒரு பக்கம் ஐந்து பிரெஞ்சு உடைக் கலைஞர்கள். மறுபக்கம் ஐந்து அமெரிக்கர்கள். அரண்மனையைப் பழுதுபார்க்க நிதி திரட்டுவதற்கான விழா அது. அமெரிக்கர் தரப்பில் மேடைத் திரைக்கு அளவு குறித்தபோது, அடிக்கணக்குக்கும் மீட்டர் கணக்குக்கும் குழப்பம் ஏற்பட்டுவிட்டது. திரை மேடைக்குப் பொருந்தவில்லை! ஜோ யூலா என்ற ஓவியர் கலங்கவில்லை. வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகளால் ஈபல் கோபுரத்தை வரைந்து நிறுத்தினார். பிரெஞ்சுக்காரர்கள் ஆடம்பர ஜோடனைகளோடு நெடுநேரம் நடத்தினார்கள். ஆனால் அன்று கரகோஷத்தைத் தட்டிக்கொண்டு போனது, எளிய மேடையில் சுருக்கமாக முடித்த அமெரிக்கர் அணியே!

திரைக்கு உள்ளே

மேடைக்குப் பின்புறம் கூடாரத்தில் நடப்பது வேறொரு போர். உடைகள் வரிசையாகத் தொங்கும். எந்த உடைக்கு எந்தக் காலணி, எந்தப் பை என்று புகைப்படம் ஒட்டியிருக்கும். உடுத்திவிடும் பெண்கள் ஊசியும் நூலும் கையுமாகக் காத்திருப்பார்கள். ஒருத்தி இரண்டு முறை நடக்கவேண்டியிருந்தால், ஓரிரு நிமிடத்துக்குள் பழைய உடையைக் கழற்றிப் புதியதை மாட்டிப் பொத்தான் போட்டு அனுப்பவேண்டும். காதில் கருவி மாட்டிய ஒருவர் ஒவ்வொருத்தியையும் எண்ணி எண்ணி வெளியே விடுவார். அவர் ஒரு விநாடி தவறினால் பாட்டும் நடையும் விளக்கும் ஒன்றோடொன்று மோதும்.

வானத்தை மட்டும் யாராலும் எண்ணி அனுப்ப முடியாது. 2021 ஆகஸ்டு மாதம் வெனிஸ் நகரத்துச் சதுக்கத்தில் ஒரு நிறுவனத்தின் காட்சி முடியும் தறுவாயில் ஆலங்கட்டி மழை கொட்டியது. விருந்தினர் ஓடி ஒதுங்கலாம். விளக்கையும் உடையையும் காப்பவர்கள் எங்கே ஓடுவது?

முடியாது என்ற நாடு

பணம் கொடுத்தால் எந்த இடமும் கிடைத்துவிடும் என்று எண்ணவேண்டாம். ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றில் காட்சி நடத்த 'குச்சி' நிறுவனம் விரும்பியது. கிரேக்கத் தொல்பொருள் அவை 2017-ல் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டது. அந்த இடத்தின் பெருமைக்கு இது பொருந்தாது என்பது அவர்கள் கருத்து. நிறுவனம் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து அரண்மனைக்குப் போயிற்று.

நம் நாட்டுக்கும் இந்த அணிவகுப்பு வந்தது. 2023 மார்ச் 30-ந் தேதி பம்பாயின் 'கேட்வே ஆப் இந்தியா' எதிரில் பிரெஞ்சு நிறுவனமான 'டியோர்' காட்சி நடத்தியது. வாயிலில் பூவேலையும் தையல்வேலையும் மின்னும் மாபெரும் தோரணம் தொங்கியது. நம் ஊர் சாணக்கியா கைத்தொழில் பள்ளியின் கைவேலை அது. வழக்கமாக உடைக்குள்ளே ஒளிந்து கிடக்கும் இந்தியத் தையற்கலை, அன்று உலகப் பிரமுகர்களின் கண்முன்னே தொங்கியது!

தோரணத்துக்குப் பெயர் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் அதைத் தாங்கி நின்ற சாரத்தைக் கட்டியவனுக்கு? கடைசி விருந்தினர் காரில் ஏறியதும் அவனுடைய அடுத்த வேலை தொடங்குகிறது. கட்டியதை எல்லாம் பிரிக்கவேண்டும், பாரத்தை இறக்கவேண்டும், தரையைப் பெருக்கவேண்டும். காலையில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு முதல்நாள் அங்கே ஒன்று நடந்த சுவடே தெரியக் கூடாது. சுவடு இல்லாமல் போவதுதான் அவன் தொழிலின் திறமை. அந்தத் திறமைக்கு வேளைக்குக் கூலியும் தலைக்குப் பாதுகாப்பும் கிடைக்கச் செய்வது, பட்டும் பகட்டுமாக அணிவகுப்பு நடத்துகிறவர்களின் கடமை!