படிக்க ஒருவர், கேட்க ஒருவர்!

மாயாஜாலக் கதை என்றால் குழந்தைக்கும் பிடிக்கும்; கிழவருக்கும் பிடிக்கும். ஆனால் ஆயிரம் பக்கக் கதையை யார் படித்து முடிப்பது? கண் வலிக்கும். தூக்கம் வரும். புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. இருவர் சேர்ந்து படிக்கவேண்டும். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் காது கொடுத்துக் கேட்கவேண்டும்.

படிப்பதற்கு மட்டும் அல்ல, எழுதுவதற்கும் இந்த வழி உதவியிருக்கிறது. உலகப் புகழ் பெற்ற ஒரு மாயாஜாலக் கதை எழுதி முடிக்கப்பட்டதே இப்படித்தான்! கேட்க ஓர் ஆள் இல்லாதிருந்தால், அது பாதியிலேயே நின்றிருக்கும்.

அந்தக் கதையின் பெயர் "லார்டு ஆப் தி ரிங்ஸ்." எழுதியவர் டோல்கீன். கேட்டவர் அவருடைய நண்பர் லூயிஸ்.

பேராசிரியரின் மோதிரக் கதை

டோல்கீன், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். பழைய ஆங்கில மொழியில் பெரும் புலவர். லூயிசும் அங்கே ஆசிரியர்தான். இருவரும் 1926-ல் அறிமுகமானார்கள்.

1937-ல் டோல்கீன் எழுதிய "தி ஹாபிட்" என்ற கதை வெளிவந்தது. குழந்தைகள் விரும்பிப் படித்தார்கள். "இன்னொரு கதை எழுதுங்கள்" என்று பதிப்பாளர் கேட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் டோல்கீன் பேனாவை எடுத்தார்.

தீய சக்தி நிறைந்த ஒரு மோதிரம். அதை எரிமலையில் போட்டு அழிக்கவேண்டும். அந்தப் பெரிய வேலை, உருவத்தில் சிறியவனான பிரோடோவின் தலையில் விழுகிறது. அவனுடைய வேலைக்காரன் சாம் கூடவே போகிறான். இதுதான் கதை.

சீக்கிரம் முடிந்துவிடும் என்று டோல்கீன் நினைத்தார். முடியவில்லை. கதை வளர்ந்தது. உலகப் போர் வந்தது. காகிதத்துக்குப் பஞ்சம்! மாணவர்களின் பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில்கூட எழுதினார். கதை நடுவே பல மாதங்கள் நின்றுபோனதும் உண்டு.

வியாழக்கிழமை இரவு

ஆக்ஸ்போர்டில் மாக்டலன் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. அங்கே லூயிசின் அறையில் வியாழக்கிழமை இரவுகளில் நண்பர்கள் கூடுவார்கள். எழுதியதைக் கொண்டுவந்து வாய்விட்டுப் படிப்பார்கள். மற்றவர்கள் கேட்டுக் கருத்துச் சொல்வார்கள்.

டோல்கீனும் தம் கதையை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்தார். அவர் வேகமாகப் பேசுவார், சொற்களை விழுங்கிவிடுவார். ஆகவே பிற்பாடு அவருடைய மகன் கிறிஸ்டோபர் படிக்கலானார். மகன் படித்தது தெளிவாக இருந்ததாம்.

எல்லாருக்கும் இந்தக் கதை பிடித்ததா? இல்லை. டைசன் என்ற நண்பருக்குப் பிடிக்கவில்லை. அதனால் பிற்காலத்தில், அவர் இருக்கும்போது மோதிரக் கதையைப் படிப்பதில்லை என்று ஆகிவிட்டது.

ஆனால் லூயிஸ் விடவில்லை. "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கண்ணீர் விட்டார்

1944-ல் கதை மீண்டும் நின்றிருந்தது. லூயிஸ் தூண்டினார். டோல்கீன் எழுத உட்கார்ந்தார். ஓர் அத்தியாயம் முடிந்ததும் நண்பருக்குப் படித்துக் காட்டுவார். பிறகு அடுத்ததைத் தொடங்குவார்.

கதையில் ஒரு கட்டம். ராட்சதச் சிலந்தி பிரோடோவைக் கொட்டிவிடுகிறது. அவன் அசைவற்றுக் கிடக்கிறான். எஜமான் இறந்துவிட்டான் என்று எண்ணிச் சாம் கலங்குகிறான். இதைக் கேட்டபோது லூயிசின் கண்களில் நீர் பெருகிவிட்டது!

அப்போது கிறிஸ்டோபர், விமானப் படைப் பயிற்சிக்காகத் தென் ஆப்பிரிக்காவில் இருந்தார். நண்பர் அழுத செய்தியைத் தந்தை மகனுக்குக் கடிதத்தில் எழுதினார். புதிய அத்தியாயங்களையும் அனுப்பிவைத்தார்.

1949-ல் கதை முடிந்தது. பின்னாளில் டோல்கீன் ஓர் உண்மையைச் சொன்னார்: நெடுங்காலம் தம் கதையைக் கேட்க லூயிஸ் ஒருவரே இருந்தார், அவர் ஆவலோடு மேலும் மேலும் கேட்டிராவிட்டால், தாம் அதை முடித்திருக்கவே மாட்டோம் என்று.

தம் குரலைத் தாமே கேட்டார்

கதை முடிந்தும் தொல்லை தீரவில்லை. இவ்வளவு பெரிய புத்தகத்தை வெளியிடப் பதிப்பாளர்கள் தயங்கினார்கள். டோல்கீன் மனம் சோர்ந்துபோனார்.

1952 ஆகஸ்டில், சேயர் என்ற நண்பரின் வீட்டில் சில நாட்கள் தங்கினார். அங்கே ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. டோல்கீன் தம் கதைகளிலிருந்து சில பகுதிகளை அதில் படித்தார். பிறகு தம் குரலைத் தாமே கேட்டார். "கதை நன்றாகத்தான் இருக்கிறது!" என்ற நம்பிக்கை அவருக்குத் திரும்பியது.

1954, 1955 ஆகிய இரண்டு ஆண்டுகளில் புத்தகம் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. பிறகு கோடிக்கணக்கில் விற்றது.

107 இரவுகள்

அந்தக் கதையில் 62 அத்தியாயங்கள். ஆங்கிலத்தில் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் சொற்கள். நிமிடத்துக்கு 150 சொற்கள் வீதம், தினம் அரை மணி நேரம் படித்தால் 107 இரவுகளில் முடித்துவிடலாம். அதாவது மூன்றரை மாதம்!

மூன்றரை மாதம், தினம் அரை மணி நேரம் கணவனும் மனைவியும் ஒரே விஷயத்தை நினைத்து உட்கார்ந்திருப்பது சிறிய காரியமா? வீட்டுச் செலவும் பிள்ளைகளின் படிப்பும் தவிர வேறு பேச்சே இல்லாத வீட்டில், பேசுவதற்கு ஒரு புதிய உலகமே கிடைக்கும்.

இதற்குச் சில விதிகள் உண்டு. ஒரு நாள் ஒருவர், மறுநாள் மற்றவர் என்று மாறி மாறிப் படிக்கலாம். தொடங்கும் முன், நேற்று நடந்ததைக் கேட்டவர் சொல்லவேண்டும். அப்போதுதான் பெயர்கள் மறக்காது. புத்தகத்தில் வரைபடம் இருந்தால் இருவருக்கும் நடுவே விரித்து வையுங்கள். முக்கியமான விதி இதுதான்: மற்றவர் தூங்கியபின் ஒருவர் மட்டும் திருட்டுத்தனமாக மேலே படித்துவிடக் கூடாது!

துணைவருக்குக் கதை பிடிக்கவில்லையா? வற்புறுத்தவேண்டாம். டைசனை நினைத்துக்கொண்டு வேறு கதை எடுங்கள்.

திக்கித் திக்கிப் படித்தால்?

நமக்கும் இது புதிதல்ல. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையைத் திண்ணையில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, எழுத்தறியாத பலர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் உண்டு. வேதாளம் முருங்கை மரம் ஏறிய கதை அவர்களுக்குக் காது வழியாகவே தெரியும்.

இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்கள், "எனக்கு வேகமாகப் படிக்க வராதே" என்று கூச்சப்படுவார்கள். கூச்சம் வேண்டாம். சொற்களை விழுங்கிப் படித்த பேராசிரியரின் கதையையே ஒரு நண்பர் பல ஆண்டுகள் விடாமல் கேட்டார். கேட்பவருக்கு வேண்டியது அழகான குரல் அல்ல. அடுத்து என்ன நடந்தது என்ற செய்திதான். அரைப் பக்கம் படித்தாலும் போதும். நாளைக்கு ஒரு பக்கம் ஆகும்.

வீட்டில் ஒருவருக்குப் படிக்கத் தெரிந்தால் இருவருக்கும் கதை கிடைக்கும். அதற்கு வேண்டியது ஒரு புத்தகம், ஒரு விளக்கு, "அப்புறம்?" என்று கேட்க ஒருவர்.