கணக்குப் பிரதிக்கும் சாட்சி வேண்டும்

கடனை எழுதி வைப்பது நமக்குத் தொழில் மாத்திரமல்ல, மார்க்கம் காட்டிய வழியுமாகும். தவணை குறித்த கடனை எழுதிக் கொள்ளும்படியும் அதற்குச் சாட்சி வைத்துக் கொள்ளும்படியும் சூரதுல் பகராவின் 282ஆவது வசனம் பணிக்கிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமும் அதுவே. இன்று எழுதும் வேலையை நம்மில் பலர் கம்பியூட்டரிடம் ஒப்படைத்து விட்டோம். சாட்சியை மறந்து விட்டோம். அப்படி மறந்ததால் எனக்கு நேர்ந்ததை இவ்வாரம் சொல்கிறேன்.

எனது கடை இரத்தினபுரி மாவட்டத்தில் தோட்டங்களை அண்டியது. வாடிக்கையாளரில் பெரும்பாலோர் மாதம் முழுவதும் சாமான் வாங்கி, சம்பள நாளில் பணம் தரும் தோட்டத் தொழிலாளர். கடன் கணக்கெல்லாம் ஒரு பழைய கணக்கு மென்பொருளில் இருந்தது. பழைய கம்பியூட்டர் பழுதானபோது அந்த மென்பொருள் புதியதில் ஓடவில்லை. எனவே கம்பியூட்டர் திருத்தும் தம்பி, பழைய கம்பியூட்டரை அப்படியே புதியதற்குள் வைத்துத் தந்தார். இதைத்தான் வேர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். கம்பியூட்டருக்குள் இன்னொரு கம்பியூட்டர். அதன் டிஸ்க் முழுவதும் ஒரே ஒரு பெரிய கோப்பாக இருக்கும். அந்தக் கோப்பு கெட்டால் உள்ளேயுள்ள அனைத்தும் சேர்ந்து கெடக்கூடும். ஆகவே இரவுதோறும் வெளி டிஸ்க் ஒன்றில் பெக்கப் எடுக்கவும் அவர் ஏற்பாடு செய்திருந்தார்.

மழைக்கால இரவொன்றில் இடி முழக்கத்துடன் மின்சாரம் போனது. காலையில் வேர்ச்சுவல் மெஷின் திறக்கவில்லை. பெக்கப் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். அதைத் திறந்தால் ‘சரிபார்ப்பு தோல்வி’ என்று வந்தது. முந்திய நாளுடையதும் அவ்வாறே. விசாரித்தபோதுதான் தெரிந்தது, பல வாரங்களாக அந்த எச்சரிக்கை திரையில் வந்து கொண்டிருந்திருக்கிறது. கெஷியரில் இருந்த பையன் ஒவ்வொரு நாளும் ‘ஓகே’யை அழுத்தி மூடியிருக்கிறான். அவனில் குற்றமில்லை. அதைப் பார்க்க வேண்டியவன் நான்.

சரிபார்ப்பு என்பது என்ன? புறக்கோட்டையில் மூட்டை ஏற்றும்போது நிறையைத் துண்டில் எழுதிக் கட்டுகிறோம். இங்கே இறக்கும்போது மீண்டும் நிறுக்கிறோம். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் வழியில் ஏதோ நடந்திருக்கிறது. பெக்கப் மென்பொருளும் தரவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணைக் கணக்கிட்டு எழுதி வைக்கிறது. பின்னர் வாசிக்கும்போது மீண்டும் கணக்கிடுகிறது. எண் மாறினால் தோல்வி. அந்த எண்தான் சாட்சி.

அப்படித் தோல்வி வந்தால் என்ன செய்வது? தம்பியிடம் நான் கற்றவை இவை.

1. முதலில் இரவு பெக்கப்பை நிறுத்துங்கள். பல மென்பொருட்கள் புதியதை எழுதும்போது மிகப் பழையதை அழித்துவிடும். கெட்டதை எழுதி நல்லதை அழிக்க விடக்கூடாது.

2. கெட்ட பெக்கப்பை அழிக்காதீர்கள். டிஸ்க் திருத்தும் கட்டளைகளையும் உடனே ஓட்டாதீர்கள். முதலில் இன்னொரு நல்ல டிஸ்கில் ஒரு பிரதி எடுங்கள். பரிசோதனையெல்லாம் அந்தப் பிரதியில்தான்.

3. அதே டிஸ்கை வேறு வயரில், வேறு கம்பியூட்டரில் போட்டுச் சரிபாருங்கள். அங்கே தேறினால் பிழை பெக்கப்பில் அல்ல, உங்கள் வயரிலோ கம்பியூட்டரிலோதான். அங்கும் தோற்றால் கோப்பே கெட்டிருக்கிறது.

4. கம்பியூட்டரின் மெமரியைப் பரிசோதியுங்கள். விண்டோஸிலேயே அதற்கொரு கருவி உண்டு. மெமரி பழுதானால் எழுதப்படும் எதுவும் சத்தமில்லாமல் கெடலாம். எனது கம்பியூட்டரில் அதுதான் நடந்திருந்தது. டிஸ்கை மாற்றியிருந்தால் காசு வீணாகியிருக்கும்.

5. ஒவ்வொரு நாளும் அன்றைய மாற்றத்தை மட்டும் எடுக்கும் முறையானால் அது சங்கிலி போன்றது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பிந்தியவை பயன்படா. கடைசி நல்ல கண்ணி எது என்று பின்னோக்கித் தேடுங்கள். முழு மெஷினும் எழும்பாவிட்டாலும் கணக்குக் கோப்பை மட்டும் பிரித்தெடுக்க முடிவதுண்டு.

இன்னும் இரண்டு விடயங்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்பைச் சும்மா கொப்பி செய்வது பெக்கப் ஆகாது. மூடிவிட்டு எடுங்கள், அல்லது அதற்கான மென்பொருளைப் பாவியுங்கள். சரிபார்ப்பில் தேறியதும் போதாது. எடுக்கும்போதே கணக்கு கெட்டிருந்தால், கெட்டதையே பத்திரமாகக் காத்து ‘சரி’ என்று அது சொல்லும். நிறை சரி, மூட்டைக்குள் புழுத்த அரிசி! மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

இது சிறு கடைக்காரனின் அசட்டை மாத்திரமல்ல. 2017 ஜனவரி 31ஆம் திகதி கிட்லேப் என்ற சர்வதேச நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறுதலாகத் தரவுகளை அழித்துவிட்டார். பல பெக்கப் முறைகள் இருந்தும் அவசரத்துக்கு ஒன்றும் உதவவில்லை. பிரதான பெக்கப் தோற்றுக் கொண்டிருந்தது. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் யாரிடமும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதியே அவர்களைக் காப்பாற்றியது. நமது நாட்டிலும் 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுட் தொகுதியைக் கப்பம் கோரும் வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களுக்கு பெக்கப் இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று.

எனக்குக் கைகொடுத்தது ரமழானில் ஸகாத் கணக்குப் பார்ப்பதற்காகத் தனி டிஸ்கில் எடுத்து, வீட்டு அலுமாரியில் வைத்திருந்த பிரதி. அது திறந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்குப் பிந்திய இரண்டு மாதக் கணக்கு இல்லை. யார் எவ்வளவு தர வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வாடிக்கையாளரிடமிருந்த சிறு கொப்பிகள்தாம் மிச்சம். சம்பள நாளில் ஒவ்வொருவராகக் கொண்டுவரச் சொன்னேன். கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா கொப்பியை நீட்டி, “முதலாளி, நடுவுல ஒரு நாள் கொப்பிய மறந்துட்டு வந்தேன். அன்னைக்கு வாங்கின மாவும் பருப்பும் இதுல இல்ல, சேர்த்துக்குங்க” என்றார். என் கம்பியூட்டர் தராத சாட்சியை அவர் தந்தார். கொப்பியைத் தொலைத்தவர்கள் சொன்ன தொகையை அப்படியே ஏற்றுக்கொண்டேன். என் கவனக்குறைவுக்காக ஏழையிடம் ஒரு ரூபா கூடுதலாக வாங்கினால் மறுமையில் யார் பதில் சொல்வது?

இப்போது எனது ஒழுங்கு இது. பிரதிகள் மூன்று. கடையில் ஓடுவது ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று, மேட்டிலுள்ள வீட்டில் ஒன்று. 2003 மே, 2017 மே வெள்ளங்களில் களு கங்கை இரத்தினபுரிக் கடைகளுக்குள் புகுந்ததைக் கண்டவர்களுக்கு மூன்றாவது ஏன் என்று விளக்கத் தேவையில்லை. வெளி டிஸ்கை பெக்கப் முடிந்ததும் கழற்றிவிடுகிறோம். இடியும் வைரஸும் கழற்றிய டிஸ்கைத் தொடா. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை மூடுமுன், தம்பி ஒரு பிரதியை வேறு கம்பியூட்டரில், நெட்வேர்க் வயரைக் கழற்றிவிட்டுத் திறந்து காட்டுவார். நான் மூன்று வாடிக்கையாளரின் பாக்கியை அவர்களின் கொப்பியோடு ஒப்பிட்டு, திகதியிட்டுக் கையொப்பம் இடுகிறேன். கால் மணித்தியால வேலை.

இந்த வாரம் உங்கள் பெக்கப்பை ஒரு தடவை திறந்து பாருங்கள். திறக்காவிட்டால், கடை இன்னும் ஓடிக் கொண்டிருக்கும்போதே அதை அறிந்து கொண்டீர்கள் என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்கள்.