எண்ண சுழற்சி நோய்: வீட்டார் செய்யும் உதவியே நோயை வளர்ப்பது எப்படி?

புதுதில்லி: அலுவலகத்திலிருந்து திரும்பும் கணவர் வாசலிலேயே உடை மாற்றிக்கொள்ள வேண்டும். சாவியையும் கைப்பேசியையும் துடைத்த பிறகே உள்ளே எடுத்துவர வேண்டும். பால் பாக்கெட்டைச் சோப்பு நீரில் கழுவாமல் சமையலறைக்குள் கொண்டுசெல்ல முடியாது. உறவினர்களை வீட்டுக்கு அழைப்பது எப்போதோ நின்றுவிட்டது. நோய் மனைவிக்குத்தான் என்றாலும், அது விதிக்கும் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவது முழுக் குடும்பமும்.

இது தனியொரு வீட்டின் கதை அன்று. ஓ.சி.டி. எனப்படும் எண்ண சுழற்சி நோய்க்கு ஆளான வயதுவந்தோர் வாழும் பல வீடுகளில் இத்தகைய காட்சிகளைக் காணலாம். நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோயால் பாதிக்கப்படுவதாக உலக அளவிலான மதிப்பீடுகள் தெரிவிக்கின்றன. பெரும்பாலும் வளரிளம் பருவத்திலோ இருபதுகளிலோ தொடங்கும் இந்நோய், சிகிச்சை பெறாவிட்டால் பல ஆண்டுகள் நீடிக்கக்கூடியது.

சுத்தம் அன்று, அச்சம்

விரும்பாமலேயே மீண்டும் மீண்டும் மனத்தில் எழுந்து பதற்றமூட்டும் எண்ணம் இந்நோயின் ஒரு பகுதி. அப்பதற்றத்தைத் தணிப்பதற்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல் மற்றொரு பகுதி. கை கழுவுதல், கதவின் பூட்டையும் எரிவாயு அடுப்பையும் பலமுறை சரிபார்த்தல், பொருள்களை ஒரே சீராக அடுக்குதல், மனத்துக்குள் எண்ணிக்கொண்டேயிருத்தல் எனப் பல வடிவங்களில் இது வெளிப்படும்.

கடவுளை நிந்திக்கும் எண்ணம், பெற்ற குழந்தைக்குத் தானே தீங்கு இழைத்துவிடுவோமோ என்ற அச்சம் போன்றவையும் இந்நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அவை அவர்களின் விருப்பங்கள் அல்ல; தம் இயல்புக்கு முற்றிலும் மாறானவை என்பதாலேயே அவற்றைக் கண்டு நடுங்குகின்றனர். வெட்கத்தினால் வாழ்க்கைத் துணையிடம்கூடச் சொல்லாமல் மறைப்போர் உண்டு. இந்தியக் குடும்பங்களில் தொடக்கநிலை அறிகுறிகள் மடி, ஆசாரம், பக்தி என்ற பெயர்களில் பாராட்டப்படுவதும் நோயைக் கண்டறிவதைத் தாமதமாக்குகிறது.

இணங்கிப்போவதன் விலை

“கதவைப் பூட்டினேனா?” என்று மகன் கேட்கிறார். “பூட்டிவிட்டாய்” என்கிறார் தாய். மகனின் பதற்றம் அடங்குகிறது. ஆனால், சில நிமிடங்களில் அதே கேள்வி மீண்டும் வருகிறது. நோயாளியின் சடங்குகளில் வீட்டாரும் பங்கேற்பதையும், கேட்கும்போதெல்லாம் உறுதிமொழி அளிப்பதையும் ‘குடும்ப இணங்கல்’ என்று மனநல மருத்துவம் குறிப்பிடுகிறது.

அன்பினால் செய்யப்படும் இவ்வுதவி, கேட்டால்தான் நிம்மதி கிடைக்கும் என்ற பாடத்தையே மனத்துக்குக் கற்பிக்கிறது. எதுவும் செய்யாமல் பொறுத்திருந்தாலும் பதற்றம் தானே தணியும் என்பதை அறியும் வாய்ப்பு நோயாளிக்குக் கிடைப்பதில்லை. குடும்பம் எவ்வளவு அதிகமாக இணங்குகிறதோ, அவ்வளவுக்கு நோயின் தீவிரமும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதை அறிந்தவுடன் சில குடும்பத்தினர் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகின்றனர். தண்ணீர்க் குழாயை அடைப்பதும், குளியலறைக் கதவைத் தட்டிக் கூச்சலிடுவதும், ‘பைத்தியம்’ என ஏசுவதும் பலன் தருவதில்லை. பதற்றம் பன்மடங்காகி, சண்டையில் முடிவதே மிகுதி.

படிப்படியாக விலகுதல்

அச்சமூட்டும் சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு, வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழகுவதே இந்நோய்க்கான முதன்மையான உளவியல் சிகிச்சை. வீட்டாரின் விலகலும் இதே முறையில் அமைய வேண்டும். எந்தெந்தச் செயல்களில் குடும்பம் பங்கேற்கிறது என்பதைப் பட்டியலிட்டு, அவற்றுள் எளிதான ஒன்றை நோயாளியின் சம்மதத்துடனும் சிகிச்சையாளரின் வழிகாட்டுதலுடனும் முதலில் கைவிடலாம். பத்து முறை பதில் சொன்னவர் அதை ஒரு முறையாகக் குறைப்பதும் முன்னேற்றமே.

மறுக்கும்போது சொல்லும் சொல்லும் முக்கியம். “உனக்கு இது எவ்வளவு கடினம் என்று தெரிகிறது. ஆனால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். பதற்றம் குறையும் வரை உடன் இருக்கிறேன்” என்று கூறுவது, நோயை விலக்கி மனிதரை அருகில் வைத்துக்கொள்ளும் வழியாகும்.

புளுவாக்சிடின், செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் பயன் தருகின்றன. அவற்றின் முழுப் பலனை அறியப் பொதுவாக 8 முதல் 12 வாரங்கள் ஆகும். இரண்டு வாரங்களில் மாற்றமில்லை என்று மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. நோயாளி மறுக்கிறார் என்பதற்காக, அவருக்குத் தெரியாமல் உணவில் மருந்தைக் கலந்து கொடுப்பது வீட்டார் மீதான நம்பிக்கையைக் குலைத்துவிடும். சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் வயதுவந்தவரின் உரிமையை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 அங்கீகரிக்கிறது.

கவனிப்பவருக்கும் கவனிப்பு

ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொள்பவர் உறக்கத்தையும் வேலையையும் நட்பு வட்டத்தையும் இழக்க நேரிடலாம். பொறுப்பை வீட்டில் பகிர்ந்துகொள்வதும், தமக்கென நேரம் ஒதுக்குவதும், தேவைப்பட்டால் தாமும் ஆலோசனை பெறுவதும் தன்னலம் ஆகாது. வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு இது ஒரு நோய் என எளிய சொற்களில் விளக்க வேண்டும். சடங்குகளில் அவர்களை ஈடுபடுத்தக் கூடாது.

சட்டப் பாதுகாப்புகளும் உள்ளன. உடல் நோய்களுக்கு உள்ள அதே அடிப்படையில் மன நோய்களுக்கும் மருத்துவக் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு கூறுகிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ எனச் சான்றளிக்கப்பட்டால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் கீழ்க் கூடுதல் சலுகைகளுக்குத் தகுதி உண்டு.

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இந்நோய்க்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு செயல்படுகிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தொடர்புகொள்ளலாம். தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். நோயாளி மட்டுமன்றி அவரைக் கவனித்துக்கொள்பவரும் இந்த எண்ணை அழைக்கலாம். தற்கொலை குறித்த பேச்சு எழுந்தால் காத்திராமல் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.