தாங்குபவரும் ஏறுபவரும்

எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி. படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம். மூன்றும் தெரிந்தும், "எனக்குப் பயமாக இருக்கிறது, பிடித்துக்கொள்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாய் வருவதில்லை. அதைச் சொல்லப் பழக்கும் ஒரு பயிற்சி உண்டு. இருவர் சேர்ந்து செய்யும் ஜோடி அக்ரோபாட்டிக்ஸ்.

ஒருவர் மல்லாந்து படுத்துக் கால்களைச் செங்குத்தாக உயர்த்துவார். அந்தப் பாதங்களின் மேல் மற்றவர் தம் இடுப்பைப் பதித்து, பறவை போல் அந்தரத்தில் நிற்பார். இது பலசாலிகளின் வேலை என்று நினைக்கிறோம். ரயில்வேயில் பாலத் தூண்களோடு காலம் கழித்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூண் செங்குத்தாக இருக்கும்வரை பளு நேரே அஸ்திவாரத்துக்கு இறங்கிவிடும், சாய்ந்தால்தான் தொல்லை. முழங்காலும் அப்படியே. நேராக இருந்தால் எலும்பு சுமையை ஏற்கும்; மடங்கினால் தசை நடுங்கும். ஒல்லிப் பையன்கூடத் தன்னைவிடச் சற்றுக் கனமானவனைத் தாங்குவது இதனால்தான்.

ஆனால் தூணுக்கு வாய் கிடையாது. இங்கே வாய்தான் முக்கியம். "தயாரா?" என்று கேட்டு, "தயார்" என்ற பதில் வந்த பிறகே ஏற வேண்டும். இருவரில் யார் "இறக்கு" என்றாலும் காரணம் கேட்காமல் உடனே இறக்க வேண்டும். "நீ சரியில்லை" என்று சொல்லிப் பயனில்லை. "வலப்பக்கம் சாய்கிறாய்" என்றால்தான் அவன் திருத்திக்கொள்ள முடியும். குற்றம் சொல்வதற்கும் குறையைச் சுட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் நாம் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது; இங்கே அரை நிமிடத்தில் ஏறிவிடும். பிறகு இடம் மாற வேண்டும். வகுப்பில் அதிகாரம் செய்யும் பையன் கீழே படுத்துச் சுமக்கட்டும். கூச்சப்படும் பெண் மேலே ஏறட்டும்.

இது வெறும் வேடிக்கை அல்ல. மத்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக 2020 டிசம்பரில் அங்கீகரித்தபோது, ஜோடிப் பிரிவுகளும் அதில் இடம்பெற்றன. 2018ல் பியூனஸ் அயர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் ஆண், பெண் கலப்பு ஜோடி அக்ரோபாட்டிக்ஸ் நடந்தது. மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு ஒரு சொல்: பெண்கள் ஜோடி என்றே தனிப் பிரிவும் இந்த விளையாட்டில் உண்டு.

நம் பெங்களூரு ஏ.எஸ்.சி. ராணுவத்தினரின் 'டொர்னாடோஸ்' குழு 2017 நவம்பரில் எலஹங்காவில் ஒரே மோட்டார் சைக்கிளில் 58 பேரை ஏற்றி 1,200 மீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் மொட்டைமாடியில் கோபுரம் கட்டக் கிளம்புவார்கள், விடாதீர்கள். சிமென்ட் தரை கூடவே கூடாது. தடித்த மெத்தை விரிப்பு, பயிற்சியாளர், பக்கத்தில் கை நீட்டிக் காவல் நிற்க மூன்றாவது ஆள், இந்த மூன்றும் வேண்டும். காவல் நிற்பவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. ஆரம்பத்தில் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து, கை ஊன்றாமல் இருவரும் ஒன்றாக எழுந்தால் போதும். முதுகு, கழுத்து, மணிக்கட்டில் பழைய அடி இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு அனுப்புங்கள்.