வன்தட்டு திறக்க மறுத்தால்

பாட்டனாரின் குரற்பதிவு, பிள்ளைகளின் படங்கள், மாணவரின் பாடக்குறிப்புகள் ஆகியவற்றை வீட்டிலேயே ஒரு சேமிப்புக் கணினியில் வைத்துப் பேணும் குடும்பங்கள் இன்று பல. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சாதனம், 50 தட்டுகளைக் கொண்டிருந்தும் 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. இன்றோ ஒரு குடும்பத்தின் நினைவுகள் யாவும் கையடக்கமான ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. அப்பெட்டி ஒருநாள் திறக்க மறுத்தால் மனம் பதறுவது இயல்பே.

அவ்வேளையில் செய்யத் தகாத செயல் ஒன்றுண்டு. "இத்தட்டைப் புதிதாக அமைக்கலாமா?" என்று கணினி வினவக்கூடும். அவசரப்பட்டு இசைந்தால், கோப்புகள் இருக்குமிடத்தைக் காட்டும் அட்டவணை அழிந்துபோகலாம்.

முதலில் கணினியை நிறுத்தி, வடங்களைக் கழற்றி மீண்டும் இறுகப் பொருத்துதல் வேண்டும். பல வேளைகளில் குறை அங்கேயே தீர்ந்துவிடும். தட்டினுள் 'டிக், டிக்' என்னும் ஓசை தொடர்ந்து எழுமாயின், உடனே மின்சாரத்தை நிறுத்தி வல்லுநரை நாடுதலே நன்று.

ஓசை இல்லையெனில், குறை பெயரில் இருக்கலாம். லினக்ஸ் கணினியில் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்னும் பெயர்கள், தட்டுகள் கண்டறியப்படும் வரிசைப்படி அமைவன. புதிய தட்டொன்று சேர்ந்தால் அவை இடம்மாறக்கூடும். ஆகவே இணைப்புப் பட்டியலில் யூ.யூ.ஐ.டி. என்னும் நிலையான அடையாளத்தை எழுதுவதே முறை.

பெயரும் சரியாயின், தட்டு தன்னிலை கூறும் 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பார்த்தல் வேண்டும். பழுதான பகுதிகள் பெருகியிருந்தால், திருத்த முனையுமுன் முழுத் தட்டையும் வேறொரு தட்டிற் பிரதிசெய்தல் அவசியம்.

இரு தட்டுகளில் ஒருங்கே எழுதும் ரெயிட் முறை உண்டே என்று சிலர் அமைதி கொள்வர். ஒன்றில் தவறுதலாக அழித்த கோப்பு மற்றதிலும் அக்கணமே அழியும் அன்றோ! வேறோர் இடத்தில் வைத்த தனிப்பிரதியே உண்மையான காவல் என்பதை வாசகர்களுக்கு நாம் வற்புறுத்திக் கூறுகிறோம்.