காலின் அனுமதி கேட்கும் கியர்த் தண்டு

தன்னியக்கக் கியர் பொருத்திய மோட்டார்க் காரில் முதன்முதலாக அமரும் ஒருவர் ஒரு புதுமையைக் காண்பார். யந்திரத்தை இயக்கிவிட்டுக் கியர்த் தண்டை இழுத்தால் அது அசைய மறுக்கும். பலத்தைக் கூட்டி இழுத்தாலும் பயனில்லை. ஆனால், பிரேக் மிதியைக் காலால் அழுத்தியதும் 'டிக்' என்ற மெல்லிய ஓசை எழும். தண்டு இலகுவாக நகரும். இத்துணைப் பெரிய வாகனம் சாரதியின் காலை எதிர்பார்த்துக் காத்திருப்பது ஏன்? அக்காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

பூட்டும் பற்சக்கரம்

கையாற் கியர் மாற்றும் கார்களில் கிளச், பிரேக், அக்ஸிலரேட்டர் என மூன்று மிதிகள் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1939 ஆம் ஆண்டில், அடுத்த ஆண்டுக்கான ஒல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ராமாட்டிக்' என்னும் தன்னியக்கக் கியரை அறிமுகஞ் செய்தது. கிளச் மிதி மறைந்தது. சாரதியின் வேலை குறைந்தது. ஆயினும் புதியதோர் ஆபத்தும் உடன் வந்தது. யந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் தண்டை முன்செல்லும் நிலைக்கோ பின்செல்லும் நிலைக்கோ மாற்றினால், அக்ஸிலரேட்டரை மிதிக்காவிட்டாலுங்கூடப் பெரும்பாலான கார்கள் மெல்ல நகரத் தொடங்கிவிடும்.

காரை நிறுத்தியபின் தண்டை வைக்கவேண்டிய இடம் 'பார்க்' என்னும் நிலையாகும். அவ்வேளையில் கியர்ப் பெட்டியின் உள்ளே, சில்லுகளோடு தொடர்புடைய ஒரு பற்சக்கரத்தின் இரு பற்களுக்கிடையே சிறியதோர் உருக்குக் கொளுவி விழுந்து, அதனைச் சுழலவொட்டாமல் தடுக்கிறது. வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படியோ அப்படியே காருக்கு இக்கொளுவி. தாழ்ப்பாளைத் தவறுதலாக எவரும் நீக்கிவிடாதபடி காப்பதே நாம் கூறவந்த பூட்டின் கடமை.

அவுடி கார்களின் கதை

1980 ஆம் ஆண்டுகளில், ஜேர்மனியில் உற்பத்தியான 'அவுடி 5000' என்னும் கார் அமெரிக்காவிற் பெருஞ் சர்ச்சைக்குள்ளாயிற்று. நின்ற கார், கியர்த் தண்டை மாற்றியதும் திடீரெனப் பாய்ந்தது எனச் சாரதிகள் பலர் முறையிட்டனர். தாங்கள் பிரேக்கையே மிதித்ததாகவும், கார் நிற்கவில்லை என்றும் அவர்கள் உறுதியாகக் கூறினர். சிலர் தம் சொந்தக் குடும்பத்தாரையே காரால் மோத நேர்ந்தது. 1986 நவம்பரில் '60 மினிற்ஸ்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி இதனை எடுத்துக் காட்டியதும் நாடெங்கும் அச்சம் பரவியது.

அமெரிக்க அரசாங்கத்தின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் இவ்விஷயத்தை ஆராய்ந்து 1989 இல் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான சம்பவங்களுக்கு யந்திரக் கோளாறு காரணமன்று. பிரேக் என்று நம்பி அக்ஸிலரேட்டரையே சாரதிகள் மிதித்துள்ளனர் என்பதே அதன் முடிவு. கார் பாயுந்தோறும், அதை நிறுத்த எண்ணி அதே மிதியை இன்னும் பலமாக அழுத்துவது பதற்றமடைந்த மனிதனின் இயல்பாகும்.

அறிக்கை வருமுன்பே, 1987 இல், அவுடி நிறுவனம் தன் கார்களைத் திரும்ப அழைத்துப் புதியதொரு பூட்டைப் பொருத்தத் தொடங்கியது. பிரேக்கின்மேற் கால் இல்லாவிடில் தண்டு 'பார்க்' நிலையை விட்டு அசையாது. அதாவது, கார் புறப்படும் அந்தக் கணத்தில் கால் சரியான மிதியின்மேல் இருந்தே தீரவேண்டும். சாரதியைத் திருத்த முயல்வதைவிட இது சுலபமான வழியன்றோ!

பூட்டு இயங்கும் விதம்

பிரேக் மிதியின் மேற்புறத்தில் ஓர் ஆளி உண்டு. மிதியை அழுத்தியதும் பின்புறச் சிவப்பு விளக்குகளை எரியச் செய்வது இதுவே. இதே ஆளி கியர்த் தண்டின் பூட்டுக்கும் செய்தி அனுப்புகிறது. தண்டின் அடியில் கம்பி சுற்றிய ஒரு வரிச்சுருளும், அதனுள் ஓர் இரும்பு ஊசியும் உள்ளன. மின்சாரம் பாயும்போது வரிச்சுருள் காந்தமாகி ஊசியை நகர்த்த, தண்டு விடுதலை பெறுகிறது. மின்சாரம் நின்றால் வில் ஒன்று ஊசியைப் பழைய இடத்திற்குத் தள்ளிவிடும். பல கார்களில் அமைப்பு இவ்வாறிருப்பதால், மின்சாரம் அற்றுப்போனாலும் பூட்டுப் பூட்டியபடியே இருக்கும்.

திறவுகோலுக்கும் இதுபோன்றதோர் ஏற்பாடுண்டு. தண்டு 'பார்க்' நிலைக்கு வராவிடில் திறவுகோலை வெளியே எடுக்கமுடியாது. காரைப் பூட்டாமல் மறதியாக இறங்கிச் செல்வதை இது தடுக்கிறது.

குழந்தைகளும் காரும்

தொடக்க காலத்துப் பூட்டுக்கள் சில, திறவுகோலை முழுவதும் திருப்பிய நிலையில் மாத்திரமே வேலை செய்தன. வானொலி கேட்பதற்காகத் திறவுகோலை அரைவாசி திருப்பி விட்டுச் சென்றால், காரினுள் விளையாடும் குழந்தை தண்டை இழுத்துவிட முடிந்தது. சரிவில் நின்ற கார் அப்போது உருளும். இத்தகைய ஆபத்தை நீக்க அமெரிக்காவில் 2008 இல் ஒரு சட்டம் பிறந்தது. 2002 இல் பின்னோக்கி வந்த வாகனத்தில் அடிபட்டிறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரை அது தாங்கியுள்ளது. 'பார்க்' நிலையுடைய சிறிய வாகனங்களில், தண்டை அசைக்கக்கூடிய எல்லாத் திறவுகோல் நிலைகளிலும் பிரேக் பூட்டு வேலை செய்யவேண்டும் என்பது அச்சட்டத்தின் ஒரு பகுதி. 2010 செப்டெம்பர் 1 ஆந் தேதி முதல் உற்பத்தியான வாகனங்களுக்கு அது பொருந்தும்.

நாம் அறியவேண்டியவை

நம் நாட்டில் ஓடும் ஜப்பானியக் கார்கள் பலவற்றில், தண்டின் அருகே சிறு மூடியோ பொத்தானோ காணப்படும். மின்கலம் செயலிழந்தபோது பூட்டைக் கையால் விடுவிப்பதற்கு அது உதவும். கைப் பிரேக்கை இழுத்து, பிரேக் மிதியையும் அழுத்திக்கொண்டே அதைப் பயன்படுத்தவேண்டும்.

பிரேக்கை மிதித்தும் தண்டு அசையாவிடில், பின்புறச் சிவப்பு விளக்குகள் எரிகின்றனவா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் ஆளியோ உருகியோ பழுதடைந்திருக்கலாம். அந்நிலையில் பின்னால் வருபவருக்கும் நாம் நிறுத்துவது தெரியாது. ஆகையால் திருத்தியபின்பே வீதிக்குச் செல்லவேண்டும்.

சரிவான இடத்தில் நிறுத்தும்போது, முதலிற் கைப் பிரேக்கை இழுத்து, அதன் பின்னரே தண்டைப் 'பார்க்' நிலைக்குக் கொண்டுவருவது நன்று. காரின் முழுப் பாரத்தையும் அச்சிறு கொளுவி தாங்க நேராது.

இப்பூட்டு எல்லா ஆபத்தையும் தடுக்குமென எண்ணலாகாது. தண்டு விடுபட்டபின் கால் தவறினால் அதனால் ஒன்றுஞ் செய்ய இயலாது. காரின் பின்னே நிற்கும் குழந்தையை அது காணாது. ஆகவே, புறப்படுமுன் ஒருமுறை காரைச் சுற்றி நடந்து பார்ப்பதும், இறங்கும்போது திறவுகோலைக் கையோடு கொண்டுசெல்வதும் பெற்றோர் கைவிடலாகாத வழக்கங்களாகும்.